சோதனைக்குழாயில் மாறிய நீலம்: இணையிப் பரிமாற்றமும் நம் வீட்டுக் குசினியும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய அறிவியல் அமர்வில், உயர்தர விஞ்ஞானப் பிரிவின் பழைய மாணவியர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இந்த விழாவில் பாடசாலையின் வரலாற்றைப் பேசப் பலர் இருக்கிறார்கள். கவிதை படிக்கவும் பலர் இருக்கிறார்கள். நாங்கள் இரசாயனவியல் படித்தவர்கள். ஆகவே எங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறோம் என்று சங்கத்திடம் கேட்டுக்கொண்டோம். தலைப்பைக் கேட்டதும் செயற்குழுவிலிருந்த ஒரு ராத்தா, "புள்ளே, இது யாருக்கு விளங்கும்?" என்று கேட்டார். உரை முடியும்போது அவருக்கே விளங்கியிருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

ஆய்வுகூடத்தில் எல்லோரும் செய்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குவோம். சோதனைக்குழாயில் செப்பு சல்பேற்றுக் கரைசல், வெளிர்நீலம். அதில் அமோனியாக் கரைசலைத் துளித்துளியாக விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு ஒன்று வரும். மேலும் விட்டால் அந்த வீழ்படிவு கரைந்து, கண்ணைப் பறிக்கும் கடும் நீலம் தோன்றும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் வீடுகளுக்குள் வந்துபோன பிறகு எங்களில் சிலரிடம் ஒரு கொப்பிகூட மிஞ்சவில்லை. செய்முறைக் கொப்பியும் போயிற்று. ஆனால் அந்த நீலம் எங்கள் எல்லோருக்கும் இன்றும் நினைவிருக்கிறது.

அந்தக் குழாயில் நடந்தது என்ன? நீரில் கரைந்த செம்பு அயன் தனியே இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னிடமுள்ள ஓர் இலத்திரன் சோடியை உலோகத்துக்குக் கொடுத்தே அந்தப் பிடியை உண்டாக்குகிறது. இப்படிச் சோடி கொடுத்து உலோகத்தோடு சேர்பவற்றைத்தான் இணையி, அதாவது லிகண்ட் என்கிறோம். அமோனியா வந்ததும் நீர் மூலக்கூறுகளில் நான்கு விலகி, அந்த இடங்களில் நான்கு அமோனியா மூலக்கூறுகள் அமர்ந்தன. உலோகம் அதே செம்புதான். சுற்றி இருப்பவர்கள் மாறியதால் நிறம் மாறியது. அமிலத்தை ஊற்றினால் அமோனியா விலகி மறுபடி வெளிர்நீலம் வரும். இதுதான் இணையிப் பரிமாற்றம்.

நம் பகுதிப் பெண்களுக்கு இதை விளக்குவது இலகு. நம் ஊரில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உலோகம் பெண் வீடு மாதிரி, இருந்த இடத்தில் இருக்கும். வருபவர் கையோடு இலத்திரன் சோடியைக் கொண்டுவருவார். இவ்வளவு ஒற்றுமை போதும். இதற்குமேல் இந்த உவமையை நீட்டினால் வீட்டில் இருப்பவர்கள் கோபிப்பார்கள்.

பரிமாற்றம் நடக்க இரண்டு வழிகள் உண்டு. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் காலை நேர பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசனங்கள் எல்லாம் நிறைந்திருக்கின்றன. ஒருவர் மருதமுனையில் இறங்குகிறார், பிறகு நீங்கள் அந்த இடத்தில் அமர்கிறீர்கள். இது முதல் வழி: பழையது முதலில் விலகும், புதியது பின்னர் சேரும். இரண்டாம் வழியில் நீங்கள் முதலில் இடுக்கில் நெருக்கி அமர்ந்துவிடுகிறீர்கள். ஓரத்தில் இருந்தவர் தாங்கமாட்டாமல் எழும்பிவிடுகிறார். ஆறு இணையிகள் சூழ்ந்த உலோகங்களில் பெரும்பாலும் முதல் வழி. நான்கு மட்டும் தட்டையாகச் சூழ்ந்திருக்கும் பிளாற்றினம் போன்றவற்றில் இரண்டாம் வழி. மேலும் கீழும் இடம் திறந்திருப்பதால் அங்கே நெருக்க முடிகிறது.

அடுத்தது வேகம். செம்பைச் சூழ்ந்த ஒரு நீர் மூலக்கூறு அங்கே தங்கும் நேரம் ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். குரோமியம் அயனைச் சூழ்ந்த நீர் மூலக்கூறோ சராசரியாக ஐந்து நாள் அளவில் அங்கேயே இருக்கும். இந்த வேறுபாட்டுக்கு உலோகத்தின் இலத்திரன் அமைப்பே காரணம் என்று 1952இல் ஒழுங்குபடுத்திக் காட்டியவர் ஹென்றி டோப். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வற்புறுத்திய ஒரு கருத்தை மாணவிகள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஓர் இணையி இறுக்கமாகப் பிணைந்திருப்பது வேறு, மெதுவாக மாறுவது வேறு. நிக்கலும் நான்கு சயனைட்டும் சேர்ந்த சிக்கல் அயன் மிக உறுதியானது. ஆனால் அதிலுள்ள சயனைட்டுகள் கரைசலிலுள்ள சயனைட்டுகளோடு கண் இமைக்கும் நேரத்தில் இடம் மாறிக்கொண்டேயிருக்கும். பிணைப்பின் பலமும் பரிமாற்றத்தின் வேகமும் இரண்டு தனிக் கணக்குகள். பின்னால் ஓர் உயிரைக் காப்பாற்றும் மருந்தைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

இனிச் சேதன உலோக இரசாயனம். உலோகம் நேரடியாகக் காபன் அணுவோடு பிணைந்திருந்தால் அந்தச் சேர்வை இந்தத் துறைக்குள் வரும். 1890இல் லுட்விக் மொண்டும் அவருடைய உதவியாளர்களும் நிக்கல் உலோகத்தின் மீது காபனோரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி ஒரு திரவத்தைப் பெற்றார்கள். ஓர் உலோகத்தின் சேர்வை, ஆனால் 43 பாகை செல்சியசில் கொதித்துவிடுகிறது! ஒரு நிக்கல் அணுவை நான்கு காபனோரொட்சைட்டு மூலக்கூறுகள் தங்கள் காபன் முனையால் பிடித்துக்கொண்டிருந்தன. கூடுதலாகச் சூடாக்கினால் அவை விலகித் தூய நிக்கல் மிஞ்சும். நிக்கலைத் தூய்மையாக்கும் பெரிய தொழில் இதிலிருந்து வளர்ந்தது.

அதே காபனோரொட்சைட்டு நம் உடம்புக்குள் வந்தால்? குருதியிலுள்ள ஈமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பில் ஒட்சிசன் வந்து அமர்வதும் விலகுவதும்தான் நம் மூச்சு. காபனோரொட்சைட்டு அதே இடத்தை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் விருப்பத்தோடு பிடித்துக்கொள்ளும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, குமட்டல், நித்திரை, அதோடு சரி.

2022 மின்வெட்டுக் காலத்தில் எத்தனை வீடுகளில் ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து உள்ளே வைத்து ஓடவிட்டோம்? குளிருக்கென்று மூடிய அறையில் கரிச்சட்டி வைப்பதும் அதே ஆபத்துத்தான். நோயாளியை முதலில் வெளிக் காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் குருதியிலுள்ள நச்சு வாயு பாதியாகக் குறைய நான்கு, ஐந்து மணித்தியாலம் செல்லும். வைத்தியசாலையில் தூய ஒட்சிசனைக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலத்தில் அது நடந்துவிடும். ஒட்சிசன் பலம் குறைந்த இணையிதான். ஆனால் கூட்டமாக வந்தால் பலசாலியையும் எழுப்பிவிடும். சமநிலை பற்றிப் பரீட்சைக்குப் படித்த விதி இங்கே ஓர் உயிரின் விதியாகிறது.

இனி மரவள்ளிக்கிழங்கு. நம் மணற்பாங்கான வளவுகளில் நன்றாக விளையும் கிழங்கு. தேங்காய்ப்பூவோடும் கட்டைச் சம்பலோடும் சாப்பிடாத பிள்ளை நம் கரையோரத்தில் இருக்க முடியாது. மரவள்ளிக்குள் லினமரின் என்னும் ஒரு பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதோ நசுக்கும்போதோ அதே கிழங்கிலுள்ள நொதியம் லினமரினை உடைக்க, ஐதரசன் சயனைட்டு வெளிவருகிறது. கசப்பு இனங்களில் அது அதிகம். சதையைவிடத் தோலில் அதிகம், இலையிலும் உண்டு.

சயனைட்டு செய்வதும் ஓர் இணையிப் பரிமாற்றமே. உயிரணுக்களின் இழைமணிக்குள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் நொதியம் ஒன்றில் இரும்பு இருக்கிறது. ஒட்சிசன் வர வேண்டிய அந்த இடத்தைச் சயனைட்டு தன் காபன் முனையால் பிடித்துவிடும். குருதி நிறைய ஒட்சிசன் இருந்தும் உயிரணு அதைப் பயன்படுத்த முடியாமல் திணறும். சோற்றுப்பானை நிறைந்திருக்கப் பட்டினி கிடப்பது போன்ற நிலை.

எங்கள் மூத்தம்மாமார் இரண்டு விதிகள் சொல்வார்கள். மரவள்ளியை மூடி போடாமல் அவி என்பது ஒன்று. மரவள்ளி தின்ற அன்று இஞ்சி தொடாதே என்பது மற்றது. முதல் விதி முழுக்க முழுக்க இரசாயனவியல். ஐதரசன் சயனைட்டு 26 பாகையளவில் கொதிக்கும். திறந்த பானையில் ஆவியோடு போய்விடும். தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டுகளாக்கி, தண்ணீரில் போட்டு வைத்து, திறந்தபடி அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் பெரும்பங்கு அகன்றுவிடும். இரண்டாம் விதியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறோம்: நஞ்சு கிழங்குக்குள்ளே இருக்கிறது. இஞ்சியைத் தவிர்த்துவிட்டோம் என்பதற்காகப் பானையை மூடி அவிக்கக் கூடாது. கிண்டி நாளான, உள்ளே நீலக்கறுப்புக் கோடு ஓடிய கிழங்கைச் சிறுபிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது.

இது சின்ன விடயமல்ல. 1981இல் மொசாம்பிக் நாட்டின் வடக்கே வரட்சி வந்தபோது, கசப்பு மரவள்ளியைப் போதிய நாள் காயவைக்க நேரமில்லாமல் உண்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் திடீரென முடங்கின. பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். கொன்சோ என்று அந்த நோய்க்குப் பெயர். கட்டப்பட்ட கால்கள் என்பது அதன் கருத்து. பசி வந்தபோது கைவிடப்பட்டது ஒரு குசினி விதிதான்.

சயனைட்டுக்கு மாற்று மருந்து உண்டா? உண்டு. அது ஒரு விற்றமின். அந்த விற்றமினைப் புரியவைத்தவர் ஒரு பெண்.

டொரதி ஹொட்ஜ்கின் 1910இல் கெய்ரோவில் பிறந்தார். தகப்பனார் எகிப்திலும் சூடானிலும் கல்விப் பணியில் இருந்தவர். இங்கிலாந்தில் அவர் படித்த பாடசாலையில் இரசாயனவியல் ஆண் பிள்ளைகளுக்குரிய பாடம். அவருக்கும் இன்னொரு மாணவிக்கும் மட்டும் அந்த வகுப்பில் இருக்க அனுமதி கிடைத்தது. இளவயதிலேயே மூட்டுவாதம் வந்து கைவிரல்கள் கோணின. அந்தக் கைகளாலேயே நுண்ணிய பளிங்குகளை எடுத்து எக்ஸ் கதிரின் முன் நிறுத்தினார். 1948இல் விற்றமின் பி12 சிவப்புப் பளிங்குகளாகப் பிரித்தெடுக்கப்பட்டபோது அதன் கட்டமைப்பு யாருக்கும் தெரியாது. எட்டு வருட உழைப்புக்குப் பின் 1956இல் அவருடைய குழு அதை வெளியிட்டது. 1964இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றார். மேரி கியூரிக்கும் அவருடைய மகள் ஐரீனுக்கும் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர்.

அவர் கண்டது இதுதான். மூலக்கூறின் நடுவில் ஒரேயொரு கோபாற்று அணு. ஒரு வளையத்திலிருந்து நான்கு நைதரசன்கள் சுற்றிலும் பிடித்திருக்கின்றன. கீழேயிருந்து இன்னொரு நைதரசன். ஆறாவது இடம், மேலே இருப்பது, ஆள் மாறும் இடம். குளிசையாக விற்கப்படும் பி12இல் அங்கே சயனைட்டு இருக்கிறது. பயப்பட வேண்டாம், ஒரு மில்லிகிராம் குளிசையில் அது 20 மைக்கிரோகிராமுக்குள்தான். உடல் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெதைல் தொகுதியையோ அடினோசைல் தொகுதியையோ வைக்கிறது. இரண்டுமே கோபாற்றைக் காபனால் பிடிப்பவை. 1961இல் லென்ஹர்ட் என்பவரும் ஹொட்ஜ்கினும் இதைக் காட்டியபோது, உலோகத்துக்கும் காபனுக்குமான பிணைப்பு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதல்ல, நம் ஈரலுக்குள்ளும் இருக்கிறது என்று உலகம் அறிந்தது.

இதே விற்றமினின் இன்னொரு வடிவத்தில் மேலிடத்தில் ஐதரொட்சைட்டு இருக்கும். ஐதரொட்சோகோபாலமின் என்று பெயர். சயனைட்டு விஷம் ஏறியவருக்கு 5 கிராம் அளவில் இதை நாளத்தினூடாகச் செலுத்துவார்கள். ஒரு நாளைக்கு ஒரு பெண்ணுக்குத் தேவையான பி12 ஏறக்குறைய 2.4 மைக்கிரோகிராம், இது அதைப்போல இருபது இலட்சம் மடங்கு! ஒரு மூலக்கூறு ஒரு சயனைட்டைப் பிடிக்கும் என்பதால் 5 கிராம் சுமார் 100 மில்லிகிராம் சயனைட்டைக் கட்டிவிடும். சாதாரணமாகக் கோபாற்று, குரோமியம் போல இடம் மாற்ற மறுக்கும் உலோகம். ஆனால் இந்த வளையத்துக்குள் மேலிடம் விரைவாக மாறுகிறது. வந்தமரும் சயனைட்டோ மிக இறுக்கமாகப் பிணைகிறது. முன்பு சொன்ன இரண்டு கணக்குகளும், வேகமும் பலமும், ஒரே இடத்தில் கூடிவந்ததால்தான் இது மருந்தாயிற்று. கட்டுண்ட சயனைட்டு சிவந்த சிறுநீராக வெளியேறுகிறது.

இனி எங்கள் சொந்தக் கதை ஒன்று. எங்களில் ஒருத்தி பி12இன் கட்டமைப்பைப் பல்கலைக்கழகப் பரீட்சையில் பிழையில்லாமல் வரைந்து புள்ளி வாங்கியவள். அவளுடைய உம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். மெற்போமின் குளிசை எடுப்பவர். கால் விறைக்கிறது, எறும்பு ஊர்கிறது, செருப்புக் கழன்றாலும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "சீனி வருத்தமென்றால் அப்படித்தான் உம்மா" என்று இரண்டு வருடம் அவள் சொன்னாள். நாங்களும் அதையே சொன்னோம். ஒரு நாள் கிளினிக்கில் டொக்டர், பி12 பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தபோது மிகக் குறைவு. சிவப்பு ஊசி மருந்து தொடங்கியது. சில மாதத்தில் நடை தேறியது; களைப்புப் போயிற்று. ஆனால் விரல் நுனிகளின் விறைப்பு முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு அவ்வளவு காலம் காத்திருக்காது. அந்த இரண்டு வருடத்துக்கும் நாங்கள் யாரையும் குறை சொல்ல முடியாது. படித்தது எங்கள் கொப்பியில் இருந்தது. உம்மாவின் காலுக்கு அது போய்ச் சேரவில்லை.

மெற்போமினை நீண்ட காலம் எடுப்பவர்களில் சிலருக்குப் பி12 குறையும் என்பது மருத்துவம் அறிந்த விடயம். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். தாவரங்கள் பி12ஐ உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. நமக்கு அது மீன், முட்டை, இறைச்சி, பால் வழியாக வருகிறது. மீன்பிடி ஊரில் இருந்துகொண்டே, பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் மீனை வைத்துவிட்டு ஆணத்தோடு சோற்றைப் பிசைந்து முடிக்கும் பெண்கள் எத்தனை பேர்? தாய்க்குக் குறைந்தால் பால் குடிக்கும் பிள்ளைக்கும் குறையும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் போலிக் அமிலம் குருதிச்சோகையைத் திருத்திவிடும். ஆனால் பி12 குறைவால் வரும் நரம்புப் பாதிப்பை அது திருத்தாது. ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது.

இறுதியாக இந்த மலரைத் தோஹாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் நம்மூரிலும் இருந்து வாசிக்கப்போகும் சகோதரிகளிடம் நாங்கள் கேட்பவை நான்கு. மரவள்ளிப் பானையைத் திறந்து வையுங்கள். ஜெனரேட்டரை முற்றத்துக்கு அப்பால் வையுங்கள். சீனி வருத்தக்கார உம்மா கால் விறைக்கிறது என்றால், பி12 பார்க்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். நான்காவது, நம் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு எதையாவது அனுப்ப நினைத்தால், முதலில் சோதனைக்குழாய்களையும் செப்பு சல்பேற்றையும் அமோனியாவையும் அனுப்புங்கள். ஆசிரியை முன்னே செய்து காட்டுவதைப் பின்வாங்கிலிருந்து எட்டிப் பார்ப்பது போதாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் அந்த நீலத்தை வரவழைக்க வேண்டும். ஆண்களின் வகுப்பில் இருவருக்கு மட்டும் இடம் கிடைத்த காலத்திலேயே ஒரு டொரதி வந்தார். நம் வகுப்பறை முழுக்கப் பெண் பிள்ளைகள்.

எங்களுக்கு அறிவைத் தந்து மறைந்த ஆசிரியர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. இருப்பவர்களுக்கு நீண்ட ஆயுளையும் நலத்தையும் கொடுப்பானாக. கேள்வி கேட்ட ராத்தாவுக்கு விளங்கியிருந்தால் எங்கள் வாக்கு நிறைவேறியது. விளங்காவிட்டால் தேநீர் நேரத்தில் எங்களிடம் வாருங்கள், சீனி குறைத்து.